ஈரலில் கட்டி, பட்டியில் நாய்: நாடாப்புழு நோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் பட்டி பட்டியாகப் போய் ஆடுகளுக்குப் புழு மருந்து ஊற்றுகிற வேலை எனக்கு. போகிற இடத்தில் எல்லாம் கேட்கிற கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் செம்மறி, நாய், மனிதன் மூவரையும் சுற்றுகிற ஹைடாடிட் கட்டி நோயைப் பற்றி. பன்றி நாடாப்புழுவைப் பற்றியும் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

கெடா வெட்டும்போது ஈரலில் வெள்ளையாக, தண்ணீர் நிறைந்த உருண்டை இருந்தது. அது என்ன?

அதுதான் ஹைடாடிட் கட்டி. எக்கினோகாக்கஸ் என்கிற நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம் அதற்குள் இருக்கிறது. ஈரலிலும் நுரையீரலிலும்தான் அதிகம் பார்க்கலாம். சுண்டைக்காய் அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும், ஆடு கிழடாக இருந்தால் தேங்காய் அளவுக்கும் போயிருக்கும்.

ஒருமுறை கருப்பராயன் கோவில் பொங்கலில், வெட்டிய ஆட்டின் ஈரலை வாங்கிக் கட்டியைத் தனியாக அறுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டுக் காட்டினேன். மேலே தெளிந்த தண்ணீர். உள்தோல் இளநுங்கைச் சீவி எடுத்தது மாதிரி வெள்ளையாக, வழுவழுப்பாக மிதந்தது. டம்ளரை அசையாமல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் நைசான மணல் மாதிரி படிந்திருந்தது. அந்த மணலின் ஒவ்வொரு பொடியும் ஒரு புழுத்தலை. நாயின் குடலுக்குள் போனால் ஒவ்வொன்றும் ஒரு முழுப் புழுவாக வளரும். சுற்றி நின்றவர்கள் சத்தமே போடவில்லை. அதற்கு ஐந்து நிமிடம் முன்பு அதே மாதிரி ஒரு துண்டை வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய்க்கு எறிந்திருந்தார்கள்.

அந்த ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். எங்களுக்கு வருமா?

வராது. இதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கட்டியில் இருப்பது நாய்க்குள் மட்டும் வளரக்கூடிய பருவம். மனிதனுக்கு நோய் தருவது புழுவின் முட்டை, அந்த முட்டை நாயின் மலத்தில்தான் இருக்கிறது. கட்டி உள்ள பாகத்தை அறுத்து எடுத்துவிடுவதுதான் முறை. தெரியாமல் சாப்பிட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம்.

ஆனால் அறுத்து எடுத்த துண்டு எங்கே போனது? என் கவலை எல்லாம் அந்தத் துண்டைப் பற்றித்தான்.

அப்படியானால் மனிதனுக்கு எப்படி வந்து சேர்கிறது?

வரிசையாகச் சொல்கிறேன். கட்டி உள்ள ஈரலையோ நுரையீரலையோ நாய் பச்சையாகத் தின்கிறது. நாயின் சிறுகுடலில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காத குட்டிப் புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொள்கின்றன. நாய்க்கு ஒரு தொந்தரவும் தெரியாது. தின்கும், ஓடும், குரைக்கும். ஏறத்தாழ ஆறு வாரம் கழிந்தால் புழு முட்டை விட ஆரம்பிக்கிறது. மலத்தோடு முட்டை வெளியே வருகிறது, மண்ணில், புல்லில், தண்ணீர்த் தொட்டியில் கலக்கிறது, நாயின் முடியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆடு புல்லோடு அதைத் தின்கிறது. மனிதன் நாயைத் தடவிய கையாலோ, கழுவாத கீரையாலோ, திறந்து கிடக்கும் தண்ணீராலோ விழுங்குகிறான்.

ஆட்டுக்குள் நடப்பதேதான் மனிதனுக்குள்ளும் நடக்கிறது. முட்டை பொரிந்து, குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, ஈரலில் போய் உட்கார்ந்து கட்டியாகிறது. ஒரு வித்தியாசம்தான். மனிதனுக்குள் வந்த கட்டியை எந்த நாயும் தின்னப் போவதில்லை, அதனால் புழுவுக்கு அது முட்டுச்சந்து. ஆளிலிருந்து ஆளுக்கு இது தொற்றாது. கட்டி உள்ளவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம்.

முட்டை கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கிருமிநாசினிக்கும், தண்ணீரில் போடும் குளோரினுக்கும் சாகாது. நிழலும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொதிநீரில் செத்துவிடும், காய்ந்தாலும் சாகும். சித்திரை வெயிலில் வெட்டவெளி செம்மண் நமக்குக் கொஞ்சம் உதவுகிறது. கிளுவை வேலி ஓரத்து நிழலும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள சேறும் உதவுவதில்லை.

ஆட்டுக்குட்டியின் புழுக்கையில் வெள்ளை நாடா மாதிரி வருகிறதே, அதுவா?

இல்லை. அது மொனீசியா என்கிற வேறு நாடாப்புழு. புல்லில் இருக்கும் நுண்ணிய உண்ணி மூலம் குட்டிக்கு வருகிறது, மனிதனுக்கு வராது. குட்டிக்கு மருந்து ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

எங்கள் நாயின் பின்பக்கம் அரிசி மாதிரி, வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருக்கிறது. அது இந்தப் புழுவா?

அதுவும் வேறு. தெள்ளுப்பூச்சியால் வருகிற நாடாப்புழுவின் துண்டுகள் அவை. நாய்க்குப் புழு மருந்தும் கொடுக்க வேண்டும், தெள்ளுக்கும் பார்க்க வேண்டும். தெள்ளை விட்டுவிட்டால் திரும்ப வந்துவிடும்.

இதைக் கேட்கிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எக்கினோகாக்கஸ் புழு மலத்தில் வந்தாலும் உங்கள் கண்ணில் படாது, அவ்வளவு சின்னது. "எங்க நாயி சுத்தமா இருக்குதுங்க, ஒண்ணும் வர்றதில்லைங்க" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

குடல் கொழுப்பில் தண்ணீர்ப் பை தொங்கும். அதையும் எடுத்து நாய்க்குப் போட்டுவிடுவோம்.

வெள்ளாட்டில் இது அடிக்கடி இருக்கும். கொழுப்புத் திரையில் நீர்த்துளி மாதிரி தொங்கி, உள்ளே வெள்ளையாக ஒரே ஒரு தலை தெரியும். டீனியா ஹைடாடிஜீனா என்கிற இன்னொரு நாய் நாடாப்புழுவின் குஞ்சு அது. மனிதனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நாய்க்குப் போட்டால் அதன் முட்டை மறுபடி உங்கள் குட்டிகளின் ஈரலைத்தான் துளைக்கும். பையைப் பிரித்துப் பார்த்து எந்தப் புழு என்று ஆராய்ச்சி செய்யவும் வேண்டாம். தண்ணீர் நிறைந்த எதுவானாலும் நாய்க்குக் கிடையாது, அப்படி ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டால் போதும்.

பட்டியில் ஒரு ஆடு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றியே வருகிறது.

இதற்குப் பல காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் அதில் ஒன்று, மூளைக்குள் நீர்க்கட்டி. டீனியா மல்டிசெப்ஸ் என்கிற புழு. அதுவும் நாயில் வாழ்கிறது, அதுவும் நாய் மலத்திலிருந்துதான் ஆட்டுக்கு வருகிறது. அபூர்வமாக மனித மூளைக்கும் போகும். அந்த ஆடு செத்தால் தலையை வெட்டி நாய்க்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து போடாதீர்கள். இன்றைக்கு ஒரு ஆடு சுற்றியது, அந்தத் தலையைத் தின்ற நாயால் வருகிற வருடம் நாலு ஆடு சுற்றும்.

நாய்க்கு என்ன மருந்து கொடுப்பது? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

பிராசிகுவான்டல். பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடையில் "புழு மாத்திரை" என்று கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். நாயின் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு. நாய்களுக்கென்று வரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் 50 மில்லிகிராம் இருக்கும், அது 10 கிலோ நாய்க்கு ஒன்று. நம் பட்டி நாய் 20 கிலோ என்றால் இரண்டு. அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குட்டிக்கும் சினை நாய்க்கும் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

ஆட்டுக்கு ஊற்றியதில் மீதி இருக்கும் மருந்தை நாய்க்கும் ஊற்றுகிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கிறது. அது இந்தப் புழுவை ஒழிக்காது. ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து நாடாப்புழுவைத் தொடவே தொடாது, சில ஜாதி நாய்களுக்கு ஆபத்தும்கூட.

எத்தனை நாளைக்கு என்றால், புழு முட்டை விடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு முன்னால் கொன்றுவிட வேண்டும். 42 நாளுக்கு ஒருமுறை. ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைவு, இப்படிச் சொன்னால் நம் ஊரில் யாரும் மறப்பதில்லை. முடியாதவர்கள் வருடத்துக்கு நாலு முறையாவது கொடுக்க வேண்டும். அதற்கும் குறைந்தால் பெரிய பலன் இருக்காது.

இரண்டு விஷயம் இதில் விட்டுப்போகக் கூடாது. மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப் போட்டு, அந்த மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். அந்த இடத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றலாம். இன்னொன்று, மாத்திரை தடுப்பூசி இல்லை. இன்றைக்குக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பச்சை ஈரலைப் போட்டால் நாளைக்கே கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடும்.

கெடா வெட்டு அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

நம் பக்கத்தில் நோய் சுற்றுவதற்கு வாகான நாள் அதுதான். ஆடி பதினெட்டு, முனியப்பன் பூஜை, கருப்பராயன் பொங்கல், காது குத்து, மொட்டை. ஒரே காலையில் இருபது முப்பது கெடா விழும். வெட்டுகிறவர் அவசரத்தில் இருப்பார். ஊர் நாய்கள் எல்லாம் முந்தின ராத்திரியே வந்து படுத்துவிடும். கறிக்கூடத்தில் ஆட்டை அறுத்தால் உறுப்புகளைப் பார்த்து ஒதுக்க ஆள் இருக்கும். தோட்டத்து மரத்தடியில் அதைப் பார்ப்பவர் குடல் கழுவ உட்கார்கிற நம் வீட்டுப் பெண்கள்தான். கட்டியை முதலில் காண்பதும் அவர்கள், அதைப் பக்கத்தில் நிற்கும் நாய்க்குத் தூக்கிப் போடுவதும் பெரும்பாலும் அவர்கள். ஒரு பாட்டியம்மா என்னிடம் கேட்டார்: "வாயில்லாச் சீவன், பார்த்துக்கிட்டே நிக்குது. ஒரு துண்டு போடறதுல என்னங்கண்ணு இருக்குது?" அந்த இரக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. வேகவைத்துப் போடுங்கள் என்றுதான் சொன்னேன். அதை அவர் உடனே ஏற்றுக்கொண்டார்.

எனவே, பூஜை நடத்துகிறவர்கள் முந்தின நாளே ஒரு குழி வெட்டிவிடுங்கள். மூன்று அல்லது நான்கு அடி ஆழம். வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தூரமாக இருந்தால் யாரும் நடந்துபோய்ப் போட மாட்டார்கள். கழிவைப் போடப் போட மண்ணைத் தள்ளி, கடைசியில் சுண்ணாம்பு தூவி, மேலே கல்லோ வெள்வேல முள்ளோ போட்டு மூடுங்கள். முள் போடாத குழியை நாய் ராத்திரியே தோண்டிவிடும், நான் பார்த்திருக்கிறேன். கட்டியைக் குத்தி உடைக்க வேண்டாம், தண்ணீர் சிந்திய மண்ணையும் நாய் நக்கும். முழுதாகக் குழியில் போடுங்கள்.

நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பழைய குண்டாவில் ஈரல், நுரையீரல் துண்டுகளைப் போட்டு, கொதி வந்த பிறகு அரை மணி நேரம் விடுங்கள். எப்படியும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். பெரிய துண்டாக இருந்தால் கீறிப் போடுங்கள், உள்ளே வேக வேண்டும்.

கறிக்கடைக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். கடை வாசலில் காத்திருக்கும் நாய்களுக்குப் பச்சைக் கழிவை எறிவது, சாயங்காலம் சாக்கில் கட்டிக் குளத்தோரம் கொட்டுவது, இரண்டும் ஒன்றுதான்.

எந்த ஆட்டில் கட்டி அதிகம் இருக்கும்?

வயதான ஆட்டில். கட்டி மெதுவாக வளர்வது. மூன்று நாலு மாதத்தில் கன்னிவாடிச் சந்தைக்குப் போகிற குட்டியில் தொற்று ஏறியிருந்தாலும் கட்டிக்குள் புழுத்தலை உருவாகியிருக்காது. ஐந்தாறு ஈற்று ஈன்று, பல் தேய்ந்து, கழித்துவிட்ட கிழட்டு ஆட்டில்தான் அந்த மணல் முழுதாக இருக்கும். அந்த ஆட்டை யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. தோட்டத்திலேயே அறுக்கிறார்கள், அல்லது அது தானாகச் செத்துப்போகிறது. கெடாக்குட்டியை அறுக்கும்போது இருக்கிற கவனத்தைவிடப் பத்து மடங்கு கவனம் அங்கே வேண்டும்.

செத்த ஆட்டைப் பள்ளத்தில் போடுவதுதான் வழக்கம். வேறு என்ன செய்ய?

புதைக்க வேண்டும், ஆறடி ஆழத்தில், சுண்ணாம்பு போட்டு. கோடையில் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) மண் கல்லாக இறுகிக் கிடக்கும்போது ஆறடி வெட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். அதனால் மழைக்காலத்திலேயே, மண் இளகியிருக்கும்போது, பட்டிக்குப் பொதுவாக ஒரு குழி வெட்டி மேலே பலகை போட்டு வைத்துக்கொள்ளலாம். நாலைந்து தோட்டத்துக்காரர்கள் சேர்ந்தால் ஜேசிபி வாடகையும் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. சில வருடங்களாக வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பக்கம் நாய்கள் கூட்டமாக ராத்திரி பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன. காலையில் பத்து ஆடு செத்துக் கிடப்பதைப் பார்க்கிற குடும்பத்திடம் புழுவைப் பற்றிப் பேச வாய் வராது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: பரிசோதனைக்கும் கணக்குக்கும் காட்டி முடித்தவுடன் அந்த ஆடுகளை முழுதாகப் புதைத்துவிடுங்கள். கிடந்தால் அதே நாய்கள்தான் அடுத்த ராத்திரி வந்து ஈரலைத் தின்னும்.

தெரு நாய்களை ஒழித்துவிட்டால் இந்த நோயும் போய்விடும் அல்லவா?

நாய்களைக் கொல்வது சட்டப்படி குற்றம். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்கின்றன. அந்த விதிகளின்படி நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்யும்போதே பிராசிகுவான்டலும் கொடுத்துவிடலாம். உள்ளாட்சியில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தின்னக் கழிவு கிடைக்கிற வரைக்கும் நாய்க்கூட்டம் குறையாது. கோழிக்கடை, கறிக்கடைக் கழிவை ஒழுங்காக அகற்றுகிற ஊரில் நாயும் குறையும், புழுவும் குறையும்.

அப்புறம், நோயைப் பரப்புவது தெரு நாய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆட்டோடு நாள் முழுக்கக் கொறங்காட்டில் திரிகிறது, தண்ணீர்த் தொட்டி ஓரம் மலம் கழிக்கிறது, சாயங்காலம் வீட்டுக் குழந்தையோடு விளையாடுகிறது நம் பட்டி நாய்தான். அதற்கு மாத்திரை கொடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. பட்டி நாயை விரட்டிவிடச் சொல்லவில்லை. அது இல்லாமல் ராத்திரி யார் காவல் இருப்பது?

மனிதருக்கு வந்தால் எப்படித் தெரியும்?

பல வருடம் தெரியாது. பத்து வயதில் விழுங்கிய முட்டை முப்பது வயதில் தெரியவரலாம். பத்தில் ஏழு பேருக்கு ஈரலில், இரண்டு பேருக்கு நுரையீரலில் என்ற கணக்கில் வரும், மற்ற உறுப்புகளிலும் வரலாம். வலது விலா எலும்புக்குக் கீழே பாரம், வயிற்றின் மேற்புறம் வலி, குமட்டல், சிலருக்கு மஞ்சள் காமாலை. நுரையீரலில் என்றால் விடாத இருமல், நெஞ்சு வலி. நுரையீரல் கட்டி உடைந்தால் இருமும்போது உப்புக் கரிக்கும் தண்ணீர் வாயில் வரும், கூடவே திராட்சைத் தோல் மாதிரி வெள்ளைத் துணுக்குகள் வரும். அப்படி வந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டி உடைந்து உள்ளே நீர் கசிந்தால் கடுமையான ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய்த் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுவதும் நிறைய. வயிற்று ஸ்கேனில் ஈரல் கட்டி நன்றாகவே தெரியும். ஸ்கேன் எடுக்கப் போகும்போது "எங்க வீட்ல ஆடு நாயெல்லாம் இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நகரத்து மருத்துவருக்கு உங்கள் பட்டி கண்ணுக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைதான் வழியா?

எல்லாருக்கும் இல்லை. கட்டி எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சின்னக் கட்டிக்கு ஆல்பெண்டசோல் மாத்திரையை மாதக்கணக்கில், இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு கொடுப்பார்கள். சில கட்டிகளை ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வைத்து நீரை எடுத்து, உள்ளே மருந்து செலுத்தித் திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். பெரியது, உடையக்கூடியது என்றால் அறுவை. தானே செத்துச் சுண்ணாம்பாக இறுகிப்போன கட்டியை ஒன்றும் செய்யாமல் கண்காணித்தாலே போதும். வெறும் நீர்க்கட்டிதானே என்று தயாரிப்பு இல்லாமல் யாராவது ஊசி போட்டு நீர் எடுக்க முனைந்தால் அதற்கு விடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை தருகிறார்களே, அது போதாதா?

அது நல்ல திட்டம், தவறாமல் போட வைக்க வேண்டும். ஆனால் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருகிற அந்த ஒரு ஆல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்ற குடற்புழுக்களுக்கானது. ஈரலில் உட்கார்ந்த கட்டியை ஒரு மாத்திரை ஒன்றும் செய்யாது.

நாங்கள் சுத்த சைவம். எங்களுக்கு இந்தக் கவலை வேண்டாமா?

கறி தின்பதால் இது வருவதில்லை என்று மேலே சொன்னேன். அதனால் சைவமாக இருப்பது பாதுகாப்பும் இல்லை. கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டத்து வேலை முடித்து வந்ததும் நகத்தை முதலில் பாருங்கள். பிள்ளைகள் நாய் வாயோடு வாய் வைத்து விளையாடுவதை நிறுத்துங்கள். கீரைப் பாத்திக்குள் நாய் நுழையாமல் படல் கட்டுங்கள்.

முட்டைக்கோசு தின்றால் புழு மூளைக்கு ஏறும் என்கிறார்களே?

தாளவாடி முட்டைக்கோசு ஒரு பாவமும் செய்யவில்லை. கோசில் நெளியும் பச்சைப் புழு பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சிகளின் குஞ்சு. அது மூளைக்குப் போகாது. மூளைக்குப் போவது பன்றி நாடாப்புழு, டீனியா சோலியம்.

இதன் சங்கிலி வேறு மாதிரி. சரியாக வேகாத பன்றிக்கறியில் இருக்கும் குஞ்சுப் பருவத்தைத் தின்றால் மனிதக் குடலில் மீட்டர் கணக்கில் நீளும் புழு வளரும். அதன் முட்டை அந்த மனிதரின் மலத்தில் வரும். திறந்தவெளியில் கழித்தால் பன்றி தின்னும், பன்றிக்குக் கட்டி வரும். அதே முட்டை கழுவாத கை வழியாகச் சோற்றில் விழுந்தால் அதைத் தின்கிற மனிதருக்குத் தசையில், கண்ணில், மூளையில் கட்டி வரும். மூளையில் வந்தால் வலிப்பு. நம் நாட்டில் வலிப்பு வருவதற்கான முக்கியக் காரணங்களில் இது ஒன்று. பன்றியை முகர்ந்துகூடப் பார்க்காத சைவக் குடும்பத்திலும் வரும், ஏனென்றால் இங்கே முட்டை வந்தது பன்றியிடமிருந்து இல்லை, சமைத்த கையிலிருந்தோ, மலம் கலந்த மண்ணிலிருந்தோ. வலிப்பு வந்த பிள்ளையைத் தாயத்துக் கட்டி வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஸ்கேன் எடுத்தால் காரணம் தெரியும், மருந்தும் இருக்கிறது.

வெண்பன்றி வளர்ப்பவர்களுக்கு: கொட்டிலில் அடைத்து வளர்த்து, மனித மலம் எட்டாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் பன்றிக்கு இது வராது. கறியை உள்வரை வேகவைக்கச் சொல்லி விற்பனை செய்யுங்கள். கொட்டிலில் வேலை செய்பவருக்குக் கழிப்பறை கட்டிக் கொடுங்கள், அதுவும் பன்றிக்குச் செய்யும் வைத்தியம்தான்.

எங்கேயாவது இந்த ஹைடாடிட் நோயை ஒழித்திருக்கிறார்களா?

ஒழித்திருக்கிறார்கள். ஐஸ்லாந்து ஆடும் நாயும் நிறைந்த தீவு, 19ஆம் நூற்றாண்டில் அங்கே இந்த நோய் ஊரெல்லாம் இருந்தது. 1863இல் ஹாரால்ட் கிராபே என்கிற டென்மார்க் அறிஞர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்தார், நாலில் ஒன்றுக்கும் மேல் புழு இருந்தது. அடுத்த வருடம் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார், அது வீடு வீடாகப் போனது. கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி என்பதுதான் அதன் சாரம். நாய்களைக் கட்டுப்படுத்தச் சட்டமும் வந்தது. இன்றைக்கு அங்கே நோய் இல்லை. நியூசிலாந்து 1959இல் சட்டம் போட்டு நாய்களுக்கு மருந்து கொடுத்து, 2002இல் நோய் இல்லை என்று அறிவித்தது.

நியூசிலாந்தில் முதலில் நாய்களுக்குக் கொடுத்த மருந்து அரிகோலின். அது நம் கொட்டைப்பாக்கில் இருக்கிற சத்து. நாய்க்குப் பேதியாகும், புழு விழும். இதைச் சொன்னவுடன் ஒரு பெரியவர் மடியிலிருந்து பாக்கை எடுத்தார், நான் தடுக்க வேண்டியதாயிற்று. அளவு தெரியாமல் கொடுத்தால் நாய் செத்துவிடும். இப்போது அதைவிட நல்ல, பாதுகாப்பான மாத்திரை இருக்கிறது.

ஆட்டுக்கு ஈஜி95 என்று ஒரு தடுப்பூசியும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சீனாவிலும் அர்ஜென்டினாவிலும் பயன்படுத்துகிறார்கள், பாதுகாப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்காகக் காத்திருந்து நாய் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். ஆட்டில் கட்டி கண்டால் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். அவசரம் என்றால் 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டியைக் கொண்டுபோவதானால் இரண்டு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துப் போங்கள்.

எங்கள் நாய் மாத்திரையைத் துப்பிவிடுகிறது. என்ன செய்ய?

வெறும் மாத்திரை கசக்கும், துப்பத்தான் செய்யும். நன்றாக வெந்த ஈரலில் ஒரு சிறு துண்டு எடுத்துக் கீறி, உள்ளே மாத்திரையைத் திணித்துக்கொள்ளுங்கள். நாய் பசியோடு இருக்கும் காலை நேரம் நல்லது. முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்றைக் கொடுங்கள், அடுத்து மருந்துத் துண்டு, அதை வாயில் வைத்தவுடன் மூன்றாவது துண்டைக் காட்டுங்கள். மூன்றாவதுக்கு அவசரப்பட்டு இரண்டாவதை மென்று பார்க்காமல் விழுங்கிவிடும். கொடுத்த தேதியை வீட்டு நாள்காட்டியில் குறித்து, அங்கிருந்து 42ஆவது நாளின் தாளையும் மடித்து வையுங்கள். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, மாத்திரையைக் கக்கினதா என்று பாருங்கள். கக்கியிருந்தால் மருந்தகத்தில் கேட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டும்.